சீதாவும் உல்டாவும்

நேசக்குமார் கப்பலிலிருந்து விடுப்பில் வந்தால் அவருடைய பெட்டியைப் பிரித்து அடுக்குவது ரேச்சலின் பொறுப்பு. அந்த ஜூன் மாதம் அவர் வந்திறங்கிய அன்றும், அவர் குளிக்கப் போன நேரத்தில் பெட்டியைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டுத் திறந்தாள். சாக்லேட்டும் சோப்புக்கட்டிகளும் மேலே இருந்தன. அடியில் ஊறுகாய் பாட்டில். போகும்போது அவள் நார்த்தங்காய் போட்டுக் கொடுத்தனுப்பியது; காலியாகி, கழுவி, பத்திரமாகத் திரும்பியிருந்தது. உடைந்துவிடாமல் இருக்க அதைச் சுற்றி எதையோ சுருட்டிக் கட்டியிருந்தார். பிரித்துப் பார்த்தால், அவள் குரோஷா ஊசியால் மாதக்கணக்கில் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர்.

ரேச்சல் அதை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். வேர்வை வாடை இல்லை, கடல் வாடை இல்லை. நார்த்தங்காய் மணந்தது.

நேசக்குமார் தலையைத் துவட்டியபடி வந்தவர், அவள் கையில் இருப்பதைப் பார்த்ததும் துண்டை முகத்திலேயே வைத்துக்கொண்டார்.

"இதைப் போடவே இல்லையா?"

"போட்டேனே. போட்டோகூட அனுப்புனேன்லா."

"போட்டோவுக்குப் போட்டீங்க."

அவர் துண்டை எடுத்தார். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவருக்கு அவளிடம் பொய் சொல்லி ஜெயிக்கத் தெரிந்ததே இல்லை. "ரேச்சலு, கோவப்படாத. ஒன் வேலைப்பாடு அழகுதான். ஆனா அந்த ஊர்க் காத்து அழகெல்லாம் பாக்காது. ஒவ்வொரு ஓட்டையிலயும் பூந்து வெளிய வருது. நனஞ்சா பொணக்கனம் கனக்கு. கூட வேலை செய்யுத ஃபிலிப்பைன்ஸ்காரன் கேக்கான், ஒங்க வீட்டுல மீன்வலை பின்னுவாங்களான்னு."

ரேச்சலுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நேசக்குமார் போசன், கப்பலின் மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவர். வடக்குக் கடலில் பனி கொட்டும்போதும் கயிறும் சங்கிலியுமாக வெளியே நிற்கிற வேலை. அங்கே போய் மேசைவிரிப்பைப் போர்த்திக்கொண்டு நின்றால் என்னவாகும் என்று நினைத்துப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம், சாப்பாடு பரிமாறும்போது, கொஞ்சம் வலித்தது.

காரணம் இருந்தது. குரோஷா என்று வந்துவிட்டால் ரேச்சல் யாரிடமும் சந்தேகம் கேட்டவள் இல்லை. சாயர்புரத்தில் பள்ளிக்கூடம் படித்த நாளிலேயே கொக்கி ஊசி கையில் ஒட்டிக்கொண்டது. அவர்கள் கோயிலின் பலிபீடத் துணிக்கு ஓரம் அவள் பின்னியது. துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்கத் தாள்கள் தயாரிக்கிற அலுவலகத்தில் அவளுக்கு வேலை; அங்கே ஒருத்தி உண்டாகியிருக்கிறாள் என்றால் வீட்டுக்குச் சொல்லும் முன்பே ரேச்சலிடம் வந்து, "அக்கா, வெள்ளையில ஒரு சின்ன கவுன்" என்பாள். அப்படிப்பட்ட கை பின்னியது ஊறுகாய் பாட்டிலுக்குச் சட்டையாகிவிட்டது.

"குளுருக்கு எந்த மாதிரி வேணும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு ஊசி வெச்சுப் பின்னுவாங்கல்ல, அந்த மாதிரி. மெத்துமெத்துன்னு, இழுத்தா இழுபடணும், விட்டா ஒட்டிக்கிடணும்" என்றார் அவர். பிறகு அவசரமாக, "கடையிலயே வாங்கிக்கிடலாம்" என்று சேர்த்தார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் கிளப்பிவிட்டது.

இரண்டு ஊசி பின்னல் தெரிந்த ஒரே ஆள் தூத்துக்குடியில் அவளுக்கு முருகேஸ்வரிதான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பட்டாளத்துக்காரர் ஆறுமுகநயினாரைக் கட்டிக்கொண்டு முருகேஸ்வரி பட்டான்கோட், ஜம்மு, ஷில்லாங் என்று வடக்கே போய்விட்டாள். அவர் ஓய்வுபெற்றுத் துறைமுகத்தில் செக்யூரிட்டி வேலைக்கு வந்தபோது, இருவரும் பிரையண்ட் நகரில் ரேச்சல் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிவந்தார்கள். குவார்ட்டர்ஸில் பஞ்சாபிப் பெண்களோடு வெயிலில் உட்கார்ந்து பின்னிப் பழகியவள் முருகேஸ்வரி. இந்த ஊரில் வந்து ஸ்வெட்டர் பின்னினால் கிறுக்கி என்பார்கள் என்று ஊசிகளைப் பீரோவில் போட்டுப் பூட்டியிருந்தாள்.

ரேச்சல் போய்ச் சங்கதியைச் சொன்னதும் முருகேஸ்வரி மார்பில் கைவைத்துச் சிரித்தாள். "ஊறுகா பாட்டிலுக்கா? ஏளா, அண்ணன் லேசுப்பட்ட ஆளு இல்ல."

"சிரிச்சு முடிச்சிட்டுச் சொல்லு. கத்துத் தருவியா மாட்டியா?"

"ஒனக்கு என்ன கத்துத் தர? நீதான் நூலைக் கண்டா விடமாட்டியே. ஒரு வாரத்துல எனக்கே சொல்லித் தருவ."

இருவருமே அப்படித்தான் நம்பினார்கள்.

சாயங்காலம் கடல்காற்று எழும்பும் நேரம், முருகேஸ்வரி வீட்டு மொட்டை மாடியில் பாடம் ஆரம்பித்தது. பழகுவதற்கு, கடைத்தெருவில் வாசல் தோரணத்துக்கென்று விற்கிற மலிவான உல்லன் நூல். முருகேஸ்வரி ஊசியில் கண்களை, அதாவது நூல் வளையங்களை, வரிசையாக ஏற்றிக் காட்டினாள். வலது கையால் நூலைத் தூக்கி ஊசிமேல் சுற்றிப்போட்டு, உள்ளேயிருந்து வெளியே இழுத்து, பழைய கண்ணைத் தள்ளிவிட்டாள்.

"இது சீதா. திருப்பி வெச்சுப் போட்டா உல்டா. ஒரு வரி சீதா, ஒரு வரி உல்டா. இவ்வளவுதான் ஸ்வெட்டரு."

"சீதா தெரியும். உல்டா யாருளா, அவ தங்கச்சியா?"

"பஞ்சாபிக்காரி அப்பிடித்தான் சொல்லித் தந்தா. நேரே, தலைகீழேன்னு அர்த்தம். வாயை மூடிட்டுப் போடு."

ரேச்சல் போட்டாள். பார்க்க எளிதாக இருந்தது கைக்கு வரவில்லை. வலது கை கொக்கியையே தேடியது. ஊசி முனையில் கொக்கி இல்லாததால், பிடித்துவிட்டதாக நினைத்து இழுத்த நூலெல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. போய்விடக் கூடாதென்று இறுக்கினாள். இறுக்கியதில் கண்கள் ஊசியை நகரவிடாமல் கவ்விக்கொண்டன. வரிசை முடிந்ததா என்று பார்க்க, குரோஷாப் பழக்கத்தில் ஊசியை உருவி மடியில் வைத்தாள்.

"ஏளா" என்றாள் முருகேஸ்வரி. அதற்குள் பாதிக் கண்கள் பிரிந்து ஓடியிருந்தன.

குரோஷாவில் எப்போதும் ஒரே ஒரு கண்தான் உயிரோடு இருக்கும். மற்றதெல்லாம் முடிச்சுப் போட்டு முடிந்துபோன விஷயம். கொக்கியை உருவிவிட்டு எழுந்துபோய்க் குழம்பை இறக்கிவிட்டு வரலாம். இங்கே ஊசியில் ஏறியிருக்கிற அத்தனை கண்ணும் உயிரோடு இருந்தது. ஒன்றை விட்டால் கீழே உள்ளவையும் சேர்ந்து போயின. ஒரு கூடைக் கோழிக்குஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது ரேச்சலுக்கு.

வாரம் முடிந்தது. ஒன்றும் சொல்லித் தருகிற நிலையில் அவள் இல்லை. சதுரமாகத் தொடங்கிய துண்டு போகப் போக அகன்றுகொண்டே போனது. எங்கேயோ தெரியாமல் கண்கள் கூடிக்கொண்டிருந்தன. டீ குடிக்க மாடிக்கு வந்த ஆறுமுகநயினார் அதைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். ஆள் ஆறடி, தோளும் வயிறும் அதற்குத் தக்கபடி.

"இது என்னம்மா, பட்டம் விடவா?"

"அண்ணாச்சி, நீங்க டீயைக் குடிங்க" என்றாள் ரேச்சல்.

அன்று வீட்டுக்குப் போனதும் முகம்கூடக் கழுவாமல் குரோஷா ஊசியை எடுத்தாள். தேங்காய் துருவுகிற நேரத்தில் ஒரு ரோஜாப்பூ. அதற்கு இரண்டு இலை. கை தானாக ஓடியது. செய்து முடித்து மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேசக்குமார் வந்து பூவைப் பார்த்தார். "டீச்சர் அடிச்சிட்டாங்களா?"

"ஒங்களுக்கு நக்கலா இருக்கு. நாப்பத்தாறு வயசுல ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வெச்சாத்தான் தெரியும்."

"நான் கப்பல்ல சேந்த புதுசுல ஒரு முடிச்சு வராம ஒரு மாசம் அழுதிருக்கேன். விடாமப் போடு. வரும்." சொல்லிவிட்டு, பூவை எடுத்துச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு கடைக்குப் போனார். அதை அவள் எதிர்பார்க்கவில்லை. வாசலில் நின்று அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்தாள்.

திருப்பம் அடுப்படியில்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சீலா மீன் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்து, வலது கை ஆள்காட்டி விரல் கொப்புளித்துவிட்டது. மருந்து தடவித் துணி சுற்றிக்கொண்டாள். அந்த விரலால் நூலைத் தூக்கிப்போட முடியாது. சும்மா இருக்கவும் முடியவில்லை. மத்தியானம் எல்லாரும் தூங்குகிற நேரம், ஊசிகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருக்கையிலேயே அவளுடைய இடது கை, யாரும் சொல்லாமல், நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி ஆள்காட்டி விரல்மேல் ஏற்றி நிறுத்திக்கொண்டது. குரோஷாவுக்கு நிறுத்துகிற அதே மாதிரி.

ரேச்சல் அந்த விரலைப் பார்த்தாள். வலது ஊசியைக் கண்ணுக்குள் விட்டு, அங்கே தயாராக நின்ற நூலை முனையால் கோதி இழுத்தாள். வந்தது. தூக்கவும் வேண்டாம், சுற்றவும் வேண்டாம். நூல் அங்கேயே நின்றது, ஊசி மட்டும் போய் எடுத்துக்கொண்டு வந்தால் போதும். இன்னொன்று. இன்னொன்று. அந்த வரிசை முடிவதற்குள் அவளுக்குக் கழுத்தெல்லாம் குறுகுறுவென்றது. எழுந்து போய்த் தூங்குகிற மனுஷனை எழுப்பலாமா என்று பார்த்தாள். எழுப்பாமல் இன்னும் நாலு வரிசை போட்டாள். கண்கள் ஒழுங்காக, கொத்துமல்லி விதை பரப்பினதுபோல ஒரே அளவில் நின்றன.

மறுநாள் மாடியில் முருகேஸ்வரி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இது தப்பு" என்றாள்.

"எது தப்பு?"

"நூலு வலது கையிலதான் இருக்கணும்."

"யாரு சொன்னா?"

"ஊர் உலகமே அப்பிடித்தான் பின்னுது."

"ஊர் உலகத்துக்குக் குரோஷா தெரியாது. துணியப் பாருளா. துணியில தப்பு இருந்தாச் சொல்லு."

முருகேஸ்வரி துணியை வாங்கினாள். இழுத்தாள், திருப்பினாள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "சீதா நல்லாத்தான் இருக்கு" என்று இழுத்தாள். ரேச்சலுக்குச் சிரிப்பு முட்டியது. "ஆனா உல்டாவுல கெடுத்து வெச்சிருக்க. கண்ணுக்கு ரெண்டு காலு உண்டு. வலது காலு முன்னால நிக்கணும். ஒனக்கு உல்டா வரியில எல்லாம் எடது காலு முன்னால வந்து நிக்கி. அதான் மாத்தி மாத்தி ஒரு வரி கோணிக்கிட்டுப் போவுது. நூலை மேல இருந்து போடணும், நீ கீழ இருந்து அள்ளுத."

ரேச்சல் குனிந்து பார்த்தாள். உண்மைதான். அவள் பார்த்தே இருக்கவில்லை. மேலிருந்து போட்டுப் பார்த்தாள். துணி நேராக நின்றது.

"நீ சொன்னதும் சரிதான்" என்றாள்.

"நீ செய்ததும் சரிதான். ஆனா இன்னொரு தரம் சொல்லமாட்டேன்" என்றாள் முருகேஸ்வரி.

ஸ்வெட்டருக்கு நல்ல கம்பளி நூல் லுதியானாவிலிருந்து வந்தது. முருகேஸ்வரியின் பழைய பக்கத்து வீட்டுக்காரி கூரியரில் அனுப்பினாள். கரும்பச்சை. ஆகஸ்டு வெயிலில் மின்விசிறியை முழு வேகத்தில் சுற்றவிட்டு, நேசக்குமாரைக் கூடத்தில் நிறுத்தி, பாதிப் பின்னிய கம்பளியை மார்பில் ஒட்டி ஒட்டி அளவு பார்த்தாள் ரேச்சல். அவருக்கு வேர்த்து ஊற்றியது. "கப்பல்லகூட இவ்வளவு கஷ்டம் இல்ல" என்றார்.

"தாராளமா வைக்காதளா. இது இழுபடுத துணி" என்று முருகேஸ்வரி சொன்னாள். முப்பது வருடமாகப் பின்னுகிற தனக்கு அளவு சொல்லித் தர வேண்டுமா என்று ரேச்சல் நாலு விரற்கடை கூடவே வைத்தாள்.

முதுகுப் பக்கத்தை ஒருநாள் முருகேஸ்வரி வாங்கிப் பின்னிக்கொண்டிருந்தபோது ஒரு கண் நழுவியது. பேச்சு சுவாரசியத்தில் யாரும் கவனிக்கவில்லை. பார்க்கும்போது அது கீழே கீழே இறங்கி, ஏணிப்படிபோல ஒரு நீளக் கோடு விழுந்திருந்தது.

முருகேஸ்வரிக்கு முகம் செத்துவிட்டது. "போச்சு. அம்புட்டையும் பிரிக்கணும்." ஊசியை உருவப் போனாள்.

"இரு, இரு. எதுக்குப் பிரிக்க?" ரேச்சல் கைப்பையிலிருந்து குரோஷா ஊசியை எடுத்தாள். அடியில் அநாதையாகக் கிடந்த கண்ணுக்குள் கொக்கியை விட்டு, அதற்கு மேலிருந்த படியைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ஒரு கண் ஏறியது. அடுத்த படி. அடுத்தது. மளமளவென்று ஏறி உச்சிக்கு வந்து, கண்ணை ஊசியில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். கோடு விழுந்த இடம் தெரியவில்லை.

முருகேஸ்வரி குனிந்து அந்த இடத்தைத் தேடினாள். துணியை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"ஷில்லாங்ல எம் மூத்தவனுக்கு ஒரு ஸ்வெட்டரை மூணு தரம் பிரிச்சேன்" என்றாள் கடைசியில். "மூணாந்தரம் அழுதுட்டேன். அந்தக் கம்பியை இங்கன கொடு. எனக்கும் கத்துத் தா."

அன்றிலிருந்து மாடியில் இரண்டு வகுப்பு நடந்தது. முருகேஸ்வரி குரோஷா ஊசியைச் சப்பாத்திக் கட்டைபோல உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தாள். அவள் பின்னிய சங்கிலி நேராகப் போகாமல் நெளிந்து நெளிந்து போனது. அவளுக்கு ஒரே ஒரு கண்ணை நம்பப் பயமாக இருந்தது. "மத்ததெல்லாம் எங்களா? எங்க மாட்டி வெக்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ரேச்சல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போன மாதம் தான் நின்ற இடத்தில் இப்போது இன்னொருத்தி நிற்பதைப் பார்க்க அவ்வளவு ஆனந்தமாக இருந்தது.

செப்டம்பர் கடைசியில் ஸ்வெட்டர் முடிந்தது. ரேச்சல் அதை மெல்ல அலசி, முருகேஸ்வரி வீட்டு மாடிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, பெருமையோடு அலுவலகம் போனாள். மத்தியானம் முருகேஸ்வரியிடமிருந்து போன் வந்தது.

"ஈரக் கம்பளியைத் தொங்கவா போட்ட? படுக்கப் போட்டுலா காய வெக்கணும்."

"ஏன், என்னாச்சு?"

"வந்து பாரு. தரையைத் தொட வருது."

சாயங்காலம் நேசக்குமார் அதை மாட்டிக்கொண்டு மாடியின் நடுவில் நின்றார். கை விரல்கள் வெளியே தெரியவில்லை. கீழ்விளிம்பு தொடையில் கிடந்தது. அகலத்துக்கு அந்த நாலு விரற்கடையும் சேர்ந்துகொண்டது. "நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர், உண்மையான அன்போடு. "உள்ள இன்னும் ரெண்டு சட்டை போட்டுக்கிடலாம்."

ரேச்சல் அவர் முகத்தைப் பார்த்தாள். "கழட்டுங்க" என்றாள்.

கழற்றிய ஸ்வெட்டர் நாற்காலியில் கிடந்தது. ஆறுமுகநயினார் அதை எடுத்து, யாரையும் கேட்காமல், தலைவழியே மாட்டினார். தோள் தோளில் உட்கார்ந்தது. கை மணிக்கட்டில் நின்றது. வயிற்றின்மேல் துணி இழுபட்டு, எங்கே ஒட்ட வேண்டுமோ அங்கே ஒட்டியது. அளவெடுத்துப் பின்னினாலும் அப்படி வராது. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முருகேஸ்வரிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. நேசக்குமார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஸ்வெட்டர் போட்டுப் பத்து வருசம் ஆச்சு" என்றார் ஆறுமுகநயினார், மார்பைத் தடவிக்கொண்டு. அப்படியே படியிறங்கி டீக்கடைக்குப் போய்விட்டார். வெயில் இன்னும் இறங்கவில்லை. டீக்கடைக்காரர், "காய்ச்சலா அண்ணாச்சி?" என்று கேட்பது மாடிவரைக்கும் கேட்டது. "இல்ல. ஸ்வெட்டரு" என்றார் அவர்.

நேசக்குமார் மறுபடி கப்பலேறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மிச்ச நூல் போதாமல் இன்னும் கொஞ்சம் வரவழைத்தார்கள். இந்தத் தடவை ரேச்சல் முருகேஸ்வரி சொன்ன அளவுக்கு ஒரு கண்கூடக் கூட்டவில்லை. உடம்பை அவள் பின்னினாள், கைகளை முருகேஸ்வரி. அலுவலகத்தில் சாப்பாட்டு வேளையில் பின்னினாள். பிரார்த்தனைக் கூட்டத்தில், கண்ணை மூடி ஜெபித்தபடியே, மடிக்குள் இரண்டு வரிசை போட்டாள். அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, கட்டிலில் படுக்கப் போட்டுக் காயவைத்தார்கள். கழுத்துப்பட்டி மட்டும் மிச்சம்.

கிளம்புகிற அன்று வாகைகுளம் விமான நிலையத்துக்குப் போகிற காரில் பின்சீட்டில் இரண்டு பெண்களும் உட்கார்ந்து அந்தக் கழுத்தைப் பின்னினார்கள். முன்சீட்டில் இருந்த நேசக்குமார் இரண்டு தரம் நேரத்தைப் பார்த்தார். மூன்றாம் தரம் திரும்பி முருகேஸ்வரியின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி முன்பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலில் இறங்கி நின்றும் வேலை முடியவில்லை. ஊசியை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால், அங்கேயே தள்ளுவண்டியில் பெட்டிமேல் சாய்ந்து நின்று, குரோஷா ஊசியால் கடைசிக் கண்களை ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்து மூடி, நுனி நூலை உள்ளே மறைத்து, பல்லால் கடித்து அறுத்தாள் ரேச்சல்.

"இந்தாங்க."

அவர் அதைப் பெட்டியில் வைக்கவில்லை. அந்தப் பகல் வெயிலில், வாசலிலேயே மாட்டினார். கழுத்து லேசாக இழுபட்டுத் தலையை விட்டு, பிறகு தானாகச் சுருங்கிக் கழுத்தோடு ஒட்டியது. தோளும் கையும் சரியாக இருந்தன. ரேச்சல் ஓரடி பின்னால் போய்ப் பார்த்தாள். முருகேஸ்வரி பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, "ஒரு குத்தமும் இல்ல" என்றாள்.

"வேர்க்குது" என்றார் நேசக்குமார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

"வேர்க்கட்டும். அங்க போனா வேர்க்காதுல்லா."

அவர் அதோடுதான் உள்ளே போனார். டிக்கெட் பார்த்த காவலர் ஸ்வெட்டரையும் வெயிலையும் மாறி மாறிப் பார்ப்பதும், இவர் ஏதோ சொல்லி வாசல்பக்கம் கை காட்டுவதும், காவலர் திரும்பி இவர்களைப் பார்த்துச் சிரிப்பதும் கண்ணாடிக்கு வெளியிலிருந்து தெரிந்தது. ஒவ்வொரு முறையும் அவரை அனுப்பிவிட்டுத் திரும்பும் வழியில் ரேச்சல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இன்றும் திருப்பிக்கொண்டாள். ஆனால் கார் நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் கை பைக்குள் போயிருந்தது.

மிச்சமிருந்த பச்சை நூலை எடுத்து, இடதுகை விரலில் சுற்றிக்கொண்டு, ஊசியில் கண் ஏற்றத் தொடங்கினாள்.

"இது யாருக்கு?" என்றாள் முருகேஸ்வரி.

"காலுறை. யாருக்கும் இல்ல."

"தூத்துக்குடியில கம்பளிக் காலுறையா?"

"குதிங்காலு வருத எடத்துல துணி மடங்கித் திரும்புதே, அது எப்பிடித் திரும்புதுன்னு பாக்கணும்ளா. ரெண்டு நாளா அதான் மண்டைக்குள்ள ஓடுது."

முருகேஸ்வரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நகர்ந்து பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். "அதுக்கு நாலு ஊசி வேணும்" என்றாள். "வீட்டுல இருக்கு. வா, காட்டுதேன்."